பெலாண்டா மாணிக்கமும் உப்பில்லா விரதமும்

காஜா பெராங்கில் வந்து மாணிக்கவாசகம் வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு முழிப்பார்கள். பெலாண்டா மாணிக்கம் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வாசலில் விடுவார்கள். பெலாண்டா என்றால் மலாயில் ஒல்லாந்துக்காரன், எங்கள் மலாக்காவை ஒரு காலத்தில் ஆண்டவன். அவனுக்கும் மாணிக்கம் அண்ணனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கினிப்பன்றியை மலாயில் திக்குஸ் பெலாண்டா என்பார்கள், அதாவது ஒல்லாந்து எலி. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் அந்தக் கினிப்பன்றிகளை வளர்க்கிறவர் அண்ணன். பன்றியும் இல்லை, எலியும் இல்லை, ஒல்லாந்தும் இல்லை. அந்த அப்பாவிப் பிராணிக்கு இப்படியெல்லாம் பெயர் வைத்தவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நான் விஜயா. அண்ணன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி எங்கள் வீடு. அதே பரிசோதனைக் கூடத்தில்தான் எனக்கும் வேலை. ரத்தம், சளி, மூத்திரம் எதுவாக இருந்தாலும் கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வயசுப் பெண் செய்கிற வேலையா இது என்று எங்கள் மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குச் சர்க்கரை வந்தபோதுதான் வாயை மூடினார்.

அண்ணன் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். போனவர் போனவர்தான். அம்மா அந்தத் துக்கத்திலேயே படுத்து, எழுந்திருக்கவில்லை. அக்கா பூங்காவனத்தைப் பத்து பெரெண்டாமில் கட்டிக் கொடுத்திருந்ததால் சண்டை முடிந்ததும் இவர் அங்கே வந்து சேர்ந்தார். அக்கா வீட்டுச் சோற்றைச் சும்மா தின்னக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் புல் வெட்டப் போனார். கினிப்பன்றிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்குப் போய்விட, "புல்லு வெட்றவந்தானே, புல்லு தின்றதையும் நீயே பாத்துக்க" என்று அந்த அறையையும் இவர் தலையில் கட்டினார்கள்.

கட்டியது இவருக்குப் பிடித்துப்போயிற்று. விடிந்ததும் காஜா பெராங் வாய்க்கால் ஓரத்தில் கங்கோங் கீரை அறுத்து, சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் உள்ளே அத்தனையும் சேர்ந்து விசில் அடிக்கும். நாங்கள் போனால் மூச்சுக் காட்டாது. மனிதர்களிடம் பேசுவதில் அண்ணன் மகா கஞ்சன், அதுகளிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார். என்னிடம் ஒரு வாரத்தில் பேசுவதை ஒரு கூண்டில் ஒரே காலையில் பேசி முடித்துவிடுவார் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

உஜோங் பாசிரிலிருந்து ருக்மணி அண்ணியைக் கட்டிக்கொண்டு வந்தபோது தெருவே பார்த்தது. எலுமிச்சைப் பழ நிறம், வெடுக்கென்று கோபம், அதே வேகத்தில் சிரிப்பு. இந்த ஊமைக்கு இப்படி ஒருத்தியா என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்த வீட்டில் ஒரு சத்தம், ஒரு சண்டை என்று நான் கேட்டதில்லை. பிள்ளை மட்டும் இல்லை. எட்டு வருஷமாக இல்லை. அண்ணி போகாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. அண்ணன் எங்கேயும் போகவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. சினைப்பட்ட கினிப்பன்றிகளைத் தனிக் கூண்டில் வைத்து, யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். அதிலிருந்தே எங்களுக்கு அவர் மனசு புரிந்தது.

அதுவரைக்கும் கினிப்பன்றிகள் காசநோய் சோதனைக்குத்தான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் டாக்டர் தேவதாஸ் வந்தார், அதுகளுக்கு வேறு வேலையும் வந்தது. சிரம்பானில் பிறந்து ஸ்காட்லாந்தில் படித்த மனிதர். காலையில் நோயாளிகள், மத்தியானத்துக்கு மேல் ஆராய்ச்சி. அவருக்கு வேண்டியது கினிப்பன்றியின் அட்ரீனல் சுரப்பி. சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும், மனிதனுக்கும் உண்டு. எலியும் முயலும் அதில் வேறு சரக்கைச் சுரக்கின்றன, கினிப்பன்றிதான் மனிதனுக்குச் சுரக்கிற அதே ஹார்மோனைச் சுரக்கிறது என்று டாக்டர் சொல்வார். போதாததற்கு, உடம்பைப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்கு அதற்குச் சுரப்பி பெரிசு.

கொழுப்பிலிருந்து அந்த ஹார்மோன் ஒரேயடியாக வந்துவிடுவதில்லை. படிப்படியாக மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி, டாக்டர் வாயில் என்சைம். உறைமோர் எப்படிப் பாலைத் தயிராக்குகிறதோ அப்படி ஒரு பொருளை இன்னொன்றாக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். டாக்டர் கையில் எடுத்தது கடைசிப் படிக்கான நொதி. அதற்கு ஜாதகம் கணிக்கிறோம் என்றுதான் நான் வீட்டில் சொல்லிவைத்தேன். உயிரணுவுக்குள் எந்த மூலையில் குடியிருக்கிறது, யார் கூட இருந்தால் வேலை செய்யும், யார் வந்தால் படுத்துவிடும், எவ்வளவு சூட்டில் ஆயுள் முடியும், எல்லாம் பார்க்க வேண்டும். அம்மா அதைக் கேட்டுவிட்டு, உன் ஜாதகத்தை எப்போது கையில் எடுக்கப்போகிறாய் என்றாள்.

வேலை இப்படி நடக்கும். அண்ணன் ஒரு பிராணியை மடியில் வைத்து, அதன் நெஞ்சு படபடப்பு அடங்கும்வரை தடவிக்கொண்டிருப்பார். பயந்தால் சுரப்பி கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், சொல்லாவிட்டாலும் அண்ணன் அப்படித்தான் செய்திருப்பார். பிறகு பின்கழுத்தில் ஒரே தட்டு, உயிர் போய்விடும். சுரப்பிகளை எடுத்து, மீன் பாசாரிலிருந்து வந்த ஐஸ் மேல் வைத்து என்னிடம் தருவார். நான் அதைக் கண்ணாடிக் குழாயில் குளிரக் குளிர அரைத்து, சுழற்றி, பிரித்து, வெந்நீர்த் தொட்டியில் ஆட்டி, கடைசியில் ஒரு நீளத் தாளில் சொட்டு வைப்பேன். மறுநாள் தாளில் மருந்து தெளித்தால் ஒரு நீலப் பொட்டு எழும்பி வரும். பொட்டு வந்தால் நொதி வேலை செய்திருக்கிறது. டாக்டர் அன்றைக்கு எல்லோருக்கும் கோப்பி வாங்கித் தருவார்.

சுரப்பியை எடுத்துவிட்ட சில பிராணிகளை டாக்டர் உயிரோடும் வைத்துப் பார்த்தார். சுரப்பி போனால் உடம்பில் உப்பு தங்காது, மூத்திரத்தோடு ஓடிப்போகும். அதனால் அதுகளுக்கு ஊசி மருந்தும் உப்புத் தண்ணீரும். யாராவது மறந்து நல்ல தண்ணீர் வைத்தால் சீக்கிரமே துவண்டு கிடக்கும். அந்தக் கூண்டுகளில் அண்ணன் சிவப்புத் துணி கட்டிவைத்து, வேறு யாரையும் புட்டியில் கை வைக்க விடமாட்டார்.

டாக்டர் வந்த இரண்டாவது வருஷம், தீபாவளி முடிந்த கையோடு ருக்மணி அண்ணிக்கு வாந்தி ஆரம்பித்தது. சோறு வேண்டாம், குழம்பு வேண்டாம். உப்பு மட்டும் வேண்டும். பக்கத்து வீட்டு ரோஷன் பீவி எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்கிறவர். அவர் சாடியிலிருந்து ஊறுகாயை விட்டுவிட்டு அந்த உப்புத் தண்ணீரை மட்டும் அண்ணி கரண்டி கரண்டியாகக் குடித்தார். கருவாட்டைக் கழுவாமல் சுட்டுத் தின்றார். இந்த வாந்தியோடு தீட்டும் நின்றுபோயிருந்தது. இதற்கு மேல் தெருவுக்கு என்ன வேண்டும்? எட்டு வருஷத்துக்கு அப்புறம் மசக்கை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அக்கா பூங்காவனம் பத்து பெரெண்டாமிலிருந்து பஸ் பிடித்து வந்து அண்ணிக்குத் திருஷ்டி கழித்தார். அண்ணியின் நிறம் மங்கி, முகமும் கைமுட்டியும் கறுத்துக்கொண்டு வந்ததற்கும் அவரிடம் காரணம் இருந்தது. "ஆம்பளப் புள்ள. அதான் ஆத்தா நெறத்த வாங்குது" என்றார். வயிறு ஏன் எழும்பவில்லை என்று எனக்குத் தோன்றியது. சிலருக்கு மெதுவாகத்தான் எழும்பும் என்று அதற்கும் ஆளாளுக்குக் கதை வைத்திருந்தார்கள்.

அண்ணனைப் பார்க்க வேண்டுமே. பேச்சில் கஞ்சனாக இருந்தவர் திடீரென்று தாராளமாகிவிட்டார். வழியில் போகிற தபால்காரரை நிறுத்தி மழையைப் பற்றிப் பேசினார். டாக்டரிடம் தானாகவே போய்க் காலை வணக்கம் சொன்னார். நான் ஆராய்ச்சித் தாளைத் தூக்கிப் பார்த்தபோது பின்னால் நின்று, "இன்னிக்குப் பொட்டு நல்லா வந்திருக்கே" என்றார். இரண்டு வருஷத்தில் அந்தத் தாளைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது.

எங்கள் கூடத்தில் கருவுற்றிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. பெண்ணின் மூத்திரத்தை ஓர் ஆண் தேரைக்கு ஊசியாகப் போட்டால் அன்றைக்கே பதில் தெரிந்துவிடும். நானே நிறையப் பேருக்குப் பார்த்திருக்கிறேன். அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, அண்ணியோட மூத்திரம் கொஞ்சம் கொண்டாங்க. சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுறேன்."

"எதுல பாப்ப?"

"தேரையிலதான்."

கையில் இருந்த கங்கோங் கட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "வேணாம் விஜயா."

"ஊசி தேரைக்குத்தாண்ணே. அண்ணிக்கு இல்ல."

"தேரை பட்ட புள்ளைய நான் தோட்டத்துல பாத்திருக்கேன். கையும் காலும் குச்சி குச்சியா, வயிறு மட்டும் பானையா. எட்டு வருஷம் கழிச்சு வருது. அதும்பேரோட தேரையச் சேத்துப் பேசாத."

தேரை பட்டால் பிள்ளை சூம்பிப்போகும் என்று நம்பாத தமிழ் வீடு காஜா பெராங்கில் அப்போது இருக்கவில்லை. என் அம்மாவிடம் சொன்னேன், அவளும் அண்ணன் பக்கம்தான் பேசினாள். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

தைப்பூசம் முடிந்த மறுநாள் அக்கா மறுபடியும் வந்தார். அண்ணி எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, உடம்பு பாதியாகிவிட்டது. அக்கா பயந்துபோனார். உப்பை இப்படி அள்ளித் தின்றால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், பிள்ளை தங்காது என்றார். அவருக்கே இரண்டு பிள்ளை தங்காமல் போய், மாசி மகம் வரைக்கும் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன் என்று சன்னாசிமலை ஆண்டவருக்கு வேண்டிக்கொண்ட பிறகுதான் மூத்தவன் பிறந்தானாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. கெட்ட எண்ணம் எள்ளளவும் கிடையாது அந்த மனுஷிக்கு. தனக்குப் பலித்ததைத் தம்பி பெண்டாட்டிக்குக் கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் உப்பு இல்லாமல் இருக்க முடியாத அண்ணி அந்த நிமிஷமே சரி என்றார். ஊறுகாய்ச் சாடியைக் கழுவி, துணியால் மூடி, ரோஷன் பீவியிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பீவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"மசக்கைக்காரி கேட்டதக் குடுக்கலேன்னா புள்ளைக்குக் காது வழியும். ஒங்க சாமி வேணாங்கல, நீங்களா எதையாச்சும் வேண்டிக்கிட்டு வயித்தக் காயப் போடுறீங்க."

"ஒரு மாசந்தானே பீவி. புள்ளைக்காக ஒரு மாசம் வாயக் கட்ட மாட்டேனா?" என்று அண்ணி சிரித்தார்.

உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத கீரை. ஒரு வாரம் ஓடியது. அண்ணி பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணனுக்கு வேலையில் கை ஓடவில்லை. விரதத்தை விட்டுவிடு என்று கெஞ்சிப் பார்த்தார், அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இரண்டாவது வாரம் ஒரு காலையில், குழாயடிக்குப் போன அண்ணி அங்கேயே விழுந்துவிட்டார். ரோஷன் பீவி போட்ட கூச்சலில் நானும் ஓடினேன். கை கால் சில்லென்று கிடந்தது. அண்ணன் அவரைத் தூக்கி, போகிற ஒரு மூன்று சக்கர வண்டியில் போட்டு, மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். நான் சைக்கிளில் பின்னாலேயே வந்தேன். வழி முழுக்க அவர் அண்ணியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்.

வார்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. கர்ப்பிணி, வாந்தி அதிகம் என்று நாங்கள் சொன்னதைத்தான் அவர்களும் எழுதிக்கொண்டார்கள். டாக்டர் தேவதாஸ் ஆராய்ச்சி அறைக்குப் போய், பசியில் கத்துகிற கூண்டுகளைப் பார்த்துவிட்டு, மாணிக்கம் எங்கே என்று விசாரித்து வார்டுக்கே வந்துவிட்டார்.

அண்ணியின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகை ஒவ்வொன்றும் மை தீட்டின மாதிரி கறுத்திருந்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். அங்கேயும் கறுப்பு.

"மாணிக்கம், இவங்க உப்பு நிறையச் சாப்பிடுவாங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருப்பா சார். இப்ப ரெண்டு வாரமாத் தொடல. வேண்டுதல்."

டாக்டர் உடனே திரும்பி நர்ஸிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார், உப்பு நீரை வேகமாக ஏற்றச் சொன்னார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம செவப்புத் துணிக் கூண்டு மாதிரியா சார்?"

"ஆமா மாணிக்கம்."

எப்போதோ வந்து இருந்த இடம் தெரியாமல் போன காசநோய், அண்ணியின் அந்த இரண்டு சுரப்பிகளையும் உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நிறம் கறுப்பது, வாந்தி, தீட்டு நிற்பது, உப்புக்கு அலைவது எல்லாம் அந்த நோயின் அடையாளம். கர்ப்பம் இருக்கிறதா என்று உறுதியாகப் பார்த்துவிடு என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

பார்த்தேன். பதில் வரவில்லை. வேறொரு தேரையை எடுத்து மறுபடியும் பார்த்தேன். அதுவும் கர்ப்பம் இல்லை என்றே காட்டியது. நான் யார்மேல் கோபப்படுவது? அக்காமேலா, ஆண்டவர்மேலா, தொட்டியில் உட்கார்ந்து கண்ணைக் கொட்டிக்கொண்டிருந்த தேரைமேலா? கையைக் கழுவிவிட்டு, குழாயைத் திறந்துவைத்து, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

அண்ணன் கூண்டு அறையில் கீரை வைத்துக்கொண்டிருந்தார். ஊசி மருந்து வேலை செய்து, அண்ணி கண் திறந்து தண்ணீர் கேட்டுவிட்டார் என்பதால் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டார்.

"ரெண்டாவது தேரையிலயும் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

மிச்சமிருந்த கூண்டுகளுக்கும் ஒவ்வொன்றாகக் கீரை வைத்து முடித்தார். பிறகு, "அவகிட்ட யாரும் சொல்ல வேணாம்" என்றார்.

அன்று சாயங்காலம் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டார். தெருவில் யாரோ ஒருத்தி, வாயில்லா ஜீவனை அத்தனை கொன்ற பாவம்தான் பெண்டாட்டி வயிற்றில் விழுந்தது என்று காதுபடச் சொல்லியிருக்கிறாள்.

"அப்படியா சார்?"

டாக்டர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "பாவம்னா அதுல எனக்கும் பங்கு இருக்கு மாணிக்கம். ஆனா இன்னிக்கு அவங்களுக்குப் போட்ட மருந்து, எங்கேயோ யாரோ இதே மாதிரி மாட்டுச் சுரப்பியையும் ஆட்டுச் சுரப்பியையும் அரைச்சுப் பாத்ததாலதான் வந்துச்சு."

"நம்மளோடதும் இருக்கா சார் அதுல?"

"இல்ல. நம்மளோடது இன்னும் தாள்ல நீலப் பொட்டுதான்."

ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்பதற்காகவே எனக்கு அந்த டாக்டரைப் பிடிக்கும்.

நாலைந்து நாளில் குழாய்களைக் கழற்றினார்கள். மாத்திரை கொடுத்தார்கள், அண்ணி பிள்ளைக்குச் சத்து மருந்து என்று நினைத்து வாங்கி விழுங்கினார். மாத்திரை மட்டும் போதாது, உப்பும் தாராளமாக உள்ளே போக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கேதான் வண்டி நின்றது. உப்புப் போட்ட கஞ்சி என்று தெரிந்ததும் அண்ணி தள்ளிவைத்தார். மாசி மகத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. முகம் மறுபடி வாடத் தொடங்கியது, எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றியது.

அக்கா பூங்காவனம் வந்து காலில் விழாத குறையாக அழுதார். "நாஞ் சொன்ன வேண்டுதல்தானே, நானே ஏத்துக்குறேன். ஒனக்குப் பதிலா நான் உப்ப விடுறேன். நீ சாப்புடும்மா."

"புள்ள என்னுதுதானே அக்கா. வேண்டுதலும் என்னுதாத்தான் இருக்கணும்."

கஞ்சியில் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடலாம், நாளாக நாளாகக் கூட்டிக்கொள்ளலாம் என்று நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை அதட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"அவ சாமிகிட்டக் குடுத்த வாக்க, அவளுக்கே தெரியாம நான் ஒடைக்கிறதா?"

"அப்ப டாக்டரையே சொல்லச் சொல்லுங்க அண்ணே. இது ரெண்டு வாரத்துக் கதை இல்ல. ஆயுசுக்கும் உப்பும் மாத்திரையுமா இருக்கணும். என்னிக்காச்சும் தெரிஞ்சுதானே ஆகணும்."

"டாக்டர் வேணாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ கூட இரு" என்றார்.

மறுநாள் காலையில் ரோஷன் பீவி வைத்துக் கொடுத்த கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு நான் வார்டுக்குப் போனேன். அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, கால்மாட்டில் நின்றுகொண்டேன்.

"ருக்கு, கஞ்சியில உப்பு போட்டிருக்கு."

"மகம் முடியட்டுங்க."

"அதுவரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. அது நல்லா இருந்தாப் போதும்."

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எவ்வளவோ படபடக்கிற நெஞ்சுகளை அடக்கிய கை, அன்றைக்கு மடியில் சும்மா கிடந்தது.

"உள்ள யாரும் இல்ல ருக்கு."

அண்ணி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தேரையில பாத்தீங்களா?"

"விஜயா பாத்துச்சு. ரெண்டு தடவ."

பொய் சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். அண்ணி போர்வைக்குள் இருந்த கையை வயிற்றிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள், ஒரு நர்ஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போனாள். அவ்வளவு நேரமும் அண்ணி அழவில்லை. குரல் மட்டும் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

"அப்ப இத்தன நாளா நான் யார்கிட்டங்க பேசிக்கிட்டிருந்தேன்?"

அண்ணன் கட்டிலில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"என்கிட்டதான். நீ படுத்துக்கிட்டுப் பேசறப்பல்லாம் நான் அடுப்படியில உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அப்பா மாதிரி ஊமையா இருக்காத, வாயத் தொறந்து பேசுன்னு சொன்னியே. அதையும்."

அப்போதுதான் அண்ணி உடைந்து அழுதார். அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழுதார். அண்ணன் அடக்கச் சொல்லவில்லை. அந்தக் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, அழுது ஓயும்வரை மற்றக் கையால் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தை எடுத்தார். கஞ்சி ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் ஒரு கரண்டி எடுத்து ஊதி, வாய்க்கருகே கொண்டுபோய் நிறுத்தினார். கட்டாயப்படுத்தவில்லை.

அண்ணி வாயைத் திறந்தார். விழுங்கினார்.

"உப்பு பத்தலைங்க" என்றார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உப்பு வாங்க ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்கு ஓடினேன்.